பிள்ளையார் சுழி போட்ட கம்ப்யூட்டர்

சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் போகிற சாலையில், 'விஜயா கம்ப்யூட்டர் எம்பிராய்டரி' என்ற பலகைக்குக் கீழே ஒரு தனி ராஜ்ஜியம் நடந்து வந்தது. அதன் அரசி, மந்திரி, கதறி அழும் குடிமக்கள் எல்லாமே விஜயகுமாரி ஒருத்திதான்.

அவள் அழுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஊசி முறிந்தால் கண் கலங்கும். வாங்கிப்போன ரவிக்கை நன்றாக இருக்கிறதென்று யாராவது திரும்பி வந்து சொன்னால் தாரை தாரையாக ஊற்றும். அவள் கணவன் சம்பத் அணுபுரம் குடியிருப்பிலிருந்து அணுமின் நிலைய ஊழியர்களை ஏற்றிப்போகும் பேருந்தை ஓட்டுகிறவன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு இன்னா, சந்தோஷமா துக்கமா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவான். அழுது முடித்தபின் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரிப்பவளும் அவளேதான். "மூக்கப் பாரு, பழுத்த மொளகா மாரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். செய்யூர்ப் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவளுக்குக் கண்ணீர் மட்டும் எப்படி முப்போகம் விளைகிறது என்பது அவளுக்கே புரியாத விஷயம்.

அவளுடைய எம்பிராய்டரி இயந்திரத்துக்குப் படம் வரைந்து தரும் சாஃப்ட்வேர் மிகப் பழையது. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் அதை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடும். அதனால், புதுப்பட்டினத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சாலமோன் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்று குடியிருக்கும். அதைத் தொட முடியாது, துடைக்க முடியாது. திரையில் ஒரு கட்டத்துக்குள் திறந்து, பழைய காலத்து முகத்தைக் காட்டும். அதற்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின் என்றான் சாலமோன். விஜயகுமாரி அதை 'உள்ள இருக்கறவ' என்றே சொல்லி வந்தாள்.

அவள் வரைந்த படங்கள் அத்தனையும் அந்த உள்ளே இருக்கிறவளிடம்தான் இருந்தன. வெளியே ஒரு நகல் கிடையாது. துணியில் தைத்து முடிந்ததுமே பென் டிரைவிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் அழித்துவிடுவாள். எதிர்க்கடைக் கண்ணகி திருடிவிடுவாளாம். கண்ணகி தைப்பதோ பள்ளிச் சட்டைகளுக்கான முத்திரை. பல்லக்கும் பூங்கொடியும் அவளுக்கு எதற்கு என்று விஜயகுமாரி ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. எதிரி இல்லாமல் ஒரு பெண் எப்படித்தான் வாழ்வது?

இப்போது அவளுக்கு முன்னால் பெரிய சோதனை ஒன்று நின்றது. சம்பத்தின் தங்கை சரோஜாவின் மகள் சிநேகாவுக்குக் கல்யாணம். நாளை மறுநாள் நலங்கு. தாய்மாமன் வீட்டுப் புடவையும் ரவிக்கையும் உடுத்தித்தான் பெண் மணையில் உட்கார வேண்டும். தாய்மாமன் சம்பத். ஆனால் ஊரார் கண் போவது புடவை எடுத்து வந்தவள் மீதுதான் என்பது விஜயகுமாரிக்குத் தெரியும்.

நாத்தனாருக்கும் அவளுக்கும் இடையே ஒரு கசப்பும் இருந்தது. கடையும் குடித்தனமும் சேர்ந்த இந்த வீட்டின் கிரகப்பிரவேசத்தன்று, சரோஜா பந்தி முடிந்து கை கழுவப் போயிருந்த நேரத்தில் குடும்பப் படம் எடுத்துவிட்டார்கள். படத்தைச் சட்டம் போட்டு மாட்டியும் விட்டார்கள். அன்றிலிருந்து சரோஜாவின் பேச்சு அளந்து வைத்த எண்ணெய் போல ஆகிவிட்டது. நலங்கு ரவிக்கை பற்றிச் சொன்னபோதும், "ரெடிமேடே போதும் அண்ணி" என்று முடித்துவிட்டாள்.

போதுமா? விஜயகுமாரி மார்பில் கை வைத்து, "செங்கல்பட்டு ஜில்லாவே திரும்பிப் பாக்கும்" என்று சபதம் செய்தாள். அந்த நேரத்தில் பின்னால் யாராவது சங்கு ஊதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்று அவளுக்கே தோன்றியது.

முதுகுத் துணியில் பல்லக்கு முடிந்தது. இடது கையில் மேளக்காரர்கள் முடிந்தார்கள். வலது கை மட்டும் பாக்கி. அதில் வரவேண்டியது மாமன் வீட்டுச் சீர் வரிசை; படம் உள்ளே தயாராக இருந்தது. சாயங்காலத்துக்குள் அதையும் போட்டுக் கொடுத்தால்தான் டெய்லர் நாளைக்குள் ரவிக்கையாகச் சேர்த்துத் தருவார்.

அன்று காலை பார்த்து உள்ளே இருக்கிறவள் நத்தையாக ஊர்ந்தாள். சாலமோனுக்குப் போன் செய்ததும், செய்யவேண்டியதை அவன் குரல் பதிவாக அனுப்பினான்: "அக்கா, மொதல்ல அத மூடிடு. அந்த ஃபோல்டர்ல செட்டிங் ஃபைல் ஒண்ணு கீது. நோட்பேட்ல தொறந்து, மெமரின்னு போட்ட எடத்துல நம்பர மட்டும் டபுள் பண்ணு. வேற எதுவும் தொடாத."

விஜயகுமாரி வேறு எதையும் தொடவில்லைதான். ஆனால் ஒரு பழக்கம். மளிகைச் சாமான் எழுதினாலும் வாடிக்கையாளரின் தோள் அளவை எழுதினாலும், தலையில் பிள்ளையார் சுழி போடாமல் அவளுக்கு அடுத்த எழுத்து ஓடாது. அதுவும் நலங்கு வேலை. ஃபைலைத் திறந்தாள். முதல் வரிக்கு மேலே பக்தியோடு ஓர் 'உ' போட்டாள். எண்ணை மாற்றினாள். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைகளுக்கெல்லாம் அவள் வாழ்க்கை முழுக்க ஒரே பதில்தான் வைத்திருந்தாள். ஓகே.

உள்ளே இருக்கிறவள் எழுந்திருக்கவில்லை. கான்ஃபிகரேஷன் ஃபைல் கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

இடி இடிக்கவில்லை. திரைச்சீலைகூட அசையவில்லை. வாசலில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். இவ்வளவு பெரிய துயரத்துக்கு இயற்கை இவ்வளவு அலட்சியமாக இருக்கலாமா என்று விஜயகுமாரிக்குக் கோபமே வந்தது. பிள்ளையார் ஒருவர் மட்டும் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கீழே 'முருகன் துணை' சேர்த்தாள். சரியாகவில்லை. 'அங்காளம்மன் துணை' சேர்த்தாள். பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் அழிக்க ஆரம்பித்து, தெய்வங்களோடு சேர்த்துச் சில ஆங்கில வரிகளையும் அழித்துவிட்டு, முருகனை மட்டும் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு செய்வதற்கு அழுகை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை நிறைவாகச் செய்தாள்.

அழுகையோடு அவள் போட்ட போனைக் கேட்டுக் கிளம்பிய சாலமோன், வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது? செட்டிங் ஃபைலா, கல்யாணப் பத்திரிகையா?"

"சாமி பேருதான்டா போட்டேன்."

"சாமி பேரு போட்ட சரி. மெஷினுக்கு மொத வரில அதும் பேரு இருக்கணும், கீழ அதும் சமாச்சாரம் இருக்கணும். இங்க முருகன் மட்டும் தனியா நின்னுகினு கீறாரு. அது யார வச்சித் தொறக்கும்?"

"அப்ப எல்லாம் போச்சா? சொல்லிடு சாலமோன். நான் தாங்கிக்கறேன்."

அவள் தாங்கிக்கொள்ளும் தோரணையில் சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து சாலமோன் சிரித்துவிட்டான்.

"அக்கா, இந்த ஃபைலு வெறும் அட்ரஸ் சீட்டு. எவ்ளோ மெமரி, எந்த டிஸ்க்குன்னு எழுதி வெச்சிருக்கும். அவ்ளோதான். உன் படமெல்லாம் டிஸ்க் ஃபைல்ல கீது. வூடு இடியல, சீட்டுதான் கிழிஞ்சிது. புதுசா ஒரு சீட்டு எழுதி, பழைய டிஸ்க்க அதுல மாட்டினா எழுந்துக்கும். ஆனா மொதல்ல மொத்த ஃபோல்டரையும் காப்பி எடுத்துக்கணும். நீ மறுபடியும் சாமி கும்புட்டா இன்னா பண்றது?"

காப்பி ஆகத் தொடங்கியது. பச்சைக் கோடு அசைந்து அசைந்து நகர்ந்தது. அது பாதி தாண்டுவதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம். சரோஜாவும் சிநேகாவும் இறங்கினார்கள். சரோஜாவின் கையில் பத்திரிகைக் கட்டு.

"வெங்கப்பாக்கம் போறோம் அண்ணி, பத்திரிகை வெக்க. இவ எளச்சிட்டா, பழைய அளவு ஆவாது. புது அளவு ரவிக்கை குடுத்துட்டுப் போலான்னு வந்தோம்" என்றவள், மேசையில் விரித்துக் கிடந்த துணிகளைப் பார்த்தாள். வலது கைத்துணி வெறும் பட்டாகக் கிடந்தது. "இது இன்னா, ஒத்தக் கையா?"

விஜயகுமாரிக்கு இந்தக் காட்சி முன்பே தெரியும். மனதுக்குள் பல தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். ஓடிப்போய் நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "சரோஜா, என்ன வெட்டிப் போட்டுடு. உன் பொண்ணு நலங்க நானே கெடுத்துட்டேன்."

"வெட்டறதுக்கெல்லாம் நேரம் இல்ல அண்ணி. ஆட்டோ வெயிட்டிங்" என்றாள் சரோஜா. "இன்னா ஆச்சுன்னு நீ சொல்லு தம்பி."

வலது கைக்கான சீர் வரிசைப் படம் உள்ளே மாட்டிக்கொண்டதுவரை சாலமோன் சொன்னான். சிநேகா வாயைப் பொத்திக்கொண்டாள். சரோஜா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையை அக்குளில் இடுக்கியபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "நலங்குத் துணி பாதில நிக்கும்போது நான் எங்க போவறது? ஆட்டோவ அனுப்பிடு சிநேகா. எழுந்துக்குதா இல்லயான்னு பாத்துட்டே போறேன்."

காப்பி முடிந்தது. சாலமோன் புதிதாக ஒரு மெஷின் உருவாக்கி, பழைய டிஸ்கை இணைத்தான். கட்டம் கருத்தது, பிறகு வெளுத்தது. உள்ளே இருக்கிறவள் கண்ணைத் திறந்தாள்! விஜயகுமாரி விம்மி விம்மி அழுதாள். அழுகையின் நடுவிலேயே எட்டிப் பார்த்தாள். சிநேகாவின் பெயர் போட்ட ஃபோல்டரே இல்லை. அவள் தொழில் தொடங்கிய காலத்தில் வரைந்த கோணல் தாமரைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அழுகை நிற்காமலே இன்னொரு அழுகையாக மாறியது.

"இரு அக்கா, இரு" என்றான் சாலமோன். "நான் இத மாட்டிக் குடுத்தப்போ, அன்னிக்கி கீற நெலமைய அப்டியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சேன். அதுக்கப்புறம் நீ போட்டதெல்லாம் தனி ஃபைலுக்குப் போயிகினு கீது. நான் அவசரத்துல பழசத் தொறந்துட்டேன். காப்பில தான் தொறந்தேன், ஒண்ணும் ஆவல. இரு, புதுசத் தொறக்கறேன்."

"தொறந்ததும் அந்தக் கையக் காட்டு தம்பி. எங்கண்ணன் வூட்டு வரிசை எப்டி வந்திருக்குன்னு நானும் பாக்கறேன்" என்றாள் சரோஜா.

விஜயகுமாரியின் கண்ணீர் சட்டென்று நின்றது. அந்த வலது கைப் படத்தில் தான் செய்து வைத்திருந்த ஒரு காரியம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

ரெடிமேடே போதும் என்று சரோஜா சொன்ன அன்று, அதே சூட்டோடு உட்கார்ந்து வரைந்த வரிசை அது. முன்னால் தாம்பூலத் தட்டு ஏந்தி நடப்பவள் விஜயகுமாரி. எந்தப் பிறவியிலும் அவளுக்கு வாய்க்காத இடுப்பு, மற்றவர்களைவிட ஒரு முழம் கூடுதல் உயரம். வரிசையின் கடைசியில், தட்டே இல்லாமல், குட்டையாக உருண்டையாக, அக்குளில் பையை இடுக்கி, வாயை லேசாகத் திறந்தபடி ஒருத்தி. துணியில் அவள் கடுகு அளவுதான் தெரிவாள், நலங்கு முழுக்க நாம் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கடுகை யாராவது இவ்வளவு பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார்கள் என்று யார் கண்டது?

சற்று முன் யார் யாரைத் துணைக்கு அழைத்தாளோ அவர்கள் எல்லோரிடமும் இப்போது அவசரமாக வேறொரு விண்ணப்பம் போட்டாள். வேணாம் தாயே, தொறக்காத. முருகா, அப்டியே படுத்துக் கெடக்கட்டும்.

தெய்வங்கள் முதல் வேண்டுதலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சிநேகாவின் ஃபோல்டர் திறந்தது. சீர் வரிசை வந்தது.

"பெருசு பண்ணாத!" என்று கத்தினாள் விஜயகுமாரி. சாலமோன் பண்ணிவிட்டிருந்தான்.

"அம்மா! கடைசில நீ!" என்றாள் சிநேகா. "அந்தப் பையப் பாரேன்!"

"சேச்சே, அது பொதுவா ஒரு பொம்பள" என்றாள் விஜயகுமாரி. தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

சரோஜா திரைக்கு அருகே குனிந்தாள். "பொதுவா ஒரு பொம்பளைக்கு என் பை எப்டிப் போச்சு?" பிறகு முன்பக்கம் பார்த்தாள். "இது யாரு, ஒட்டடக்குச்சி மாரி?"

சாலமோன் விஜயகுமாரியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், இருமினான்.

விஜயகுமாரி காத்திருந்தாள். பத்திரிகைக் கட்டு பறக்கும், கல்யாணத்துக்கே வராதே என்பாள், சம்பத் தலையில் கை வைத்து உட்காருவான். மனதுக்குள் எல்லாக் காட்சிகளும் வரிசையாக ஓடிவிட்டன. ஆனால் சரோஜா திரையில் விரலை வைத்து, அந்தக் குட்டைப் பெண்ணின் வெறும் கையைத் தொட்டாள்.

"மூஞ்சி, பை எல்லாம் இருக்கட்டும் அண்ணி. இவளுக்குத் தட்டு எங்க?"

சரோஜா விரலை எடுக்காமலே தொடர்ந்தாள்.

"இது எங்கப்பன் வூட்டு வரிசை. நான் பொறந்த வூடு. பொண்ணப் பெத்தவ வரிசைய வாங்கிக்கறவ, கூட நடக்க எனக்கு எடம் இல்லன்னுதான் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன். நீ எடம் குடுத்துகீற. குடுத்தவ வெறுங்கையோட நிக்க வெப்பியா?" கடைசி வார்த்தையில் அவள் குரல் இடறியது.

அழுகையில் இத்தனை வருட அனுபவம் உள்ள விஜயகுமாரிக்கு அப்போது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. சாலமோனிடமிருந்து மவுஸை வாங்கிக்கொண்டாள். கோபத்தில் வரைந்ததை இவள் இடம் கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறாளே. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம்தான். நல்ல காட்சியாகவும் இருக்கும். முதல்முறையாக அவள் ஒரு நல்ல காட்சியை விட்டுக்கொடுத்தாள்.

குட்டைப் பெண்ணுக்கு ஒரு தட்டு வைத்தாள்.

"பெருசா வெய்யி. பலாப்பழம் வெச்ச தட்டு."

பலாப்பழம் வந்தது. விஜயகுமாரி அவளைக் கடைசியிலிருந்து நகர்த்தி முன்வரிசைக்குக் கொண்டுவந்தாள். ஒட்டடக்குச்சிக்குப் பக்கத்தில் அவள் பொருந்தவில்லை. ஒட்டடக்குச்சியின் உயரத்தைக் குறைத்து, இடுப்பைக் கடவுள் கொடுத்த அளவுக்கு அகலப்படுத்தினாள். இப்போது இருவரும் தோளோடு தோள் பொருந்தினார்கள்.

"இப்பதான் அத்தே, அது உன்ன மாரி கீது" என்றாள் சிநேகா.

சாலமோன் எல்லாவற்றையும் தன் பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்தான். விஜயகுமாரி தடுக்கவில்லை. வலது கைத்துணி ஃபிரேமில் ஏறியது. ஊசி தடதடவென்று இறங்கத் தொடங்கியது. சரோஜா வெங்கப்பாக்கத்துக்குப் போன் போட்டு நாளைக்கு வருவதாகச் சொன்னாள். பிறகு நாற்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பலாப்பழம் முள் முள்ளாக உருவாவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அந்த வாய மட்டும் கொஞ்சம் மூடி வுட்டிருக்கலாம்."

"அவ்ளோ சின்னதுல கை வெச்சா நூல் சிக்கிக்கும் சரோஜா" என்றாள் விஜயகுமாரி.

அதில் பாதி உண்மை.