அலோனில் மொட்டையாக நின்ற படாவ் மரம்

2009 மார்ச் கடைசியில் ரங்கூன் போனேன். அந்த ஊரின் அலோன் பகுதியில் இருக்கும் பெரியம்மா மகள் மெர்சி அக்கா ஃபோனில், "தம்பி, வீட்டை ஒட்டி நிக்கிற படாவ் பட்டுப்போச்சு, வெட்டப் போறேன்" என்றதுதான் காரணம். படாவ் நம்மூர் வேங்கைக்கு உறவு, சித்திரையில் மஞ்சளாகப் பூக்கும். கோவையில் மரக்கன்றுப் பண்ணை வைத்திருக்கும் எனக்குப் பதறிவிட்டது.

நகர நடுவில் பபேடானில் அறை எடுத்தேன். அங்கிருந்து அலோன் நாலு கிலோமீட்டர்தான், டாக்சிக்கு இரண்டாயிரம் சாட். பேரம் பேசியும் டிரைவர் குறைக்கவில்லை.

காலை எட்டு மணிக்குப் போனால், மரம் வெட்டும் கோ தூன் கயிறோடு நிற்கிறார். மரத்தடியில் தேங்காயும் வாழைப்பழமும் படைத்து, மரத்தில் குடியிருக்கும் தெய்வத்தை வேறிடம் போகச் சொல்லி வேண்டியும் ஆகிவிட்டது. "கிளம்பச் சொல்லியாச்சு, இனி நிறுத்தக் கூடாதுங்கிறாரு" என்றாள் அக்கா.

பக்கத்தில் அதன் கன்றுகளெல்லாம் பச்சைப்பசேலென்று நின்றன, பெரிய மரம் மட்டும் மொட்டை. கன்றுகளுக்கு எப்போதும் அவசரம், முந்திக்கொண்டு துளிர்த்துவிடும். முதிர்ந்த மரம் பகல் நீளட்டும் என்று பொறுத்திருக்கும். ரங்கூனில் பகல் நீள்வது கொஞ்சம்தான், மரத்துக்கு அதுவே போதும்.

இதையெல்லாம் சொல்லிக் கெஞ்சியதில், கோ தூன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறி ஒரு கிளையை மட்டும் இறக்கினார். ஓடிப்போய் நுனியைத் தடவினேன். அரிசி மணி அளவில் மொட்டுகள். கிள்ளினால் உள்ளே பச்சை.

"அக்கா, உசிரோட இருக்கு! கொஞ்ச நாள்ல இலை விட்டுடும்!"

"வருசா வருசம் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். "பட்டுப்போச்சுன்னா யாரும் தடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன். போன வருசப் புயல்ல இதோட ஜோடி மரம்தான் உங்க அத்தான் மேல விழுந்துச்சு. இலை ரொம்பிட்டா இதுவும் காத்தைப் பிடிக்கும். பகல் நீள நீள எனக்குப் பயம் கூடுது தம்பி. காத்தடிச்சா விடிய விடிய உக்காந்தே இருக்கேன்."

அத்தான் புயலில் போனார் என்றுதான் எங்களுக்குத் தெரியும். கயிற்றின் மறுமுனையை நானே பிடித்தேன். மாலை நாலு மணிக்கு மரம் தரையில் கிடந்தது. அழுகை வந்தது, மறைக்கவில்லை.

படாவ் பூ பார்க்க நினைப்பவர்கள் ஏப்ரல் நடுவில், தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிப் போங்கள். ஒரு மழை பெய்தால் ஊரே மஞ்சளாகும். மார்ச்சில் மொட்டை மரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மரத்துக்காக வாதாடுவதென்றால், முதலில் அதன் கீழே குடியிருப்பவரிடம் பேசிவிடுங்கள்.

அன்று சாயங்காலம் காற்று பலமாக வீசியது. மெர்சி அக்கா சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள், தட்டில் வைத்த கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.