அரைஞாணில் முடிந்த சாவி

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் ரஷீத் அஹமதுவின் கார் டிரைவர் மூர்த்தி, எந்தச் சாவியானாலும் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். புதுக் காரின் கறுப்புச் சாவியும் அங்கேதான் போனது. அதுவும் தோதாகவே இருந்தது. கதவுப் பிடியில் கை வைத்தால் கார் மெல்லிய ரேடியோ அலையில் ‘யாரது?’ என்று கேட்கும். இடுப்புச் சாவி ரகசிய எண்ணைச் சொல்லும், பூட்டு திறக்கும். உள்ளே பொத்தானை அழுத்தினால் மறுபடி ஒரு விசாரணை, பிறகு இன்ஜின் ஓடும். சாவியை வெளியே எடுக்கவே வேண்டாம். எடுக்காத பொருள் மறந்துதானே போகும்?

மூர்த்தியின் மகள் பாரதிக்குத் திருப்பத்தூரில் குழந்தை பிறந்த மறுநாள், ரஷீதின் மனைவிக்கு வேலூரில் டயாலிசிஸ். “வண்டிய நானே ஓட்டிக்கிறேன். நீ போய்ப் பேரனப் பாரு” என்றார் ரஷீத். மூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நன்றியில் தானே காரைக் கிளப்பி, ஏசி போட்டு, முதலாளி அம்மாவை ஏற்றிவிட்டுத்தான் பஸ் பிடித்தார். சாவி இல்லாமல் கிளம்பிய கார் கூவிப் பார்த்தது. சீட் பெல்ட்டுக்குத்தான் கத்துகிறது என்று ரஷீத் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது இடுப்பில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தார், கார் சாவி. அம்மாவுக்கு டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும்? உடனே போன் போட்டார்.

“பாய், சாவி எங்கிட்ட மாட்டிக்கிச்சு. இன்ஜின நிறுத்திடாதீங்க. ஓடற வண்டி நடுரோட்ல நிக்கக்கூடாதுன்னு, சாவி இல்லாட்டியும் ஓடும். நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நான் எறங்கி வந்துடறேன்.”

வேலை போயிற்று என்றே மூர்த்தி முடிவு கட்டிவிட்டார்.

“பள்ளிகொண்டால டீ குடிக்க நிறுத்த இருந்தேன். நல்ல நேரத்துல சொன்னே” என்றார் ரஷீத். “நேரா ஆஸ்பத்திரிக்கே போய்டறேன். வீட்ல இன்னொரு சாவி இருக்கு, ஆமிர் கொண்டாந்துடுவான். நீ எறங்காதே, புள்ளையப் பாரு.”

மூர்த்தி முன் சீட்டில் தலை சாய்த்து அழுதார். ஆமிர் ரஷீதின் மகன். அவன் சாவியோடு போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் பேரனைக் கையில் வாங்கினார்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார். ரஷீத் அதை அவர் பக்கமே தள்ளினார். “அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். இனிமே நீ இல்லாம நான் கெளம்ப மாட்டேன்.”

ரஷீதின் மனைவி ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். உள்ளே குழந்தைக்கு வெள்ளி அரைஞாண்.

“பேரனுக்கு, மூர்த்தி. இதுலயும் சாவிய முடிஞ்சுடாதே.”