மூடி வைத்த பால் சொம்பு

கட்டிலில் கிடப்பவரின் காதருகே குனிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் வேல்விழி. ஆதார் அட்டையில் இருக்கும் பெயர் அவளுக்கு உதவாது. வீட்டில் எப்படி அழைப்பார்கள் என்று கேட்டு, அந்தப் பெயரில்தான் கூப்பிடுவாள். தென்காசி ஆஸ்பத்திரியில் அவள் குரல் எழும்பினால் ஐந்தருவிக் குரங்குகள் கைப்பழத்தைக் கீழே போட்டுவிடும் என்கிறார்கள். நான் விசாரித்த வரையில் இரண்டு குரங்குகள்தான்.

பதினோரு வருடமாக நர்ஸ். தினமும் ஆலங்குளத்திலிருந்து பஸ். கொண்டையில் பிச்சிப்பூ, பையில் பேனா போல ஒரு டார்ச். நினைவு தப்பிக் கிடப்பவரிடமும், "அண்ணாச்சி, ஊசி குத்துதேன், சுருக்குங்கும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒரு கணம் காத்திருப்பாள்.

போன சாரல் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையத்து சுடலைக்கண்ணுவைத் தூக்கி வந்தார்கள். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு, குற்றாலம் பேரருவி வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். நெஞ்சடைப்பு, அவ்வளவுதான் என்று வேனிலேயே முடிவு கட்டியிருந்தார்கள். தங்கை மூக்கம்மாள் வழியில் டீக்கடையில் ஒரு சொம்பு பாலும் வாங்கிவிட்டார். உயிர் பிரியுமுன் சொந்தக்காரர் கையால் வாயில் பால் விட வேண்டும். முந்தின வருடம் கணவருக்கு அது முடியாமல் போன குறை அவருக்கு.

சொம்பு வாயருகே வந்துவிட்டது. வேல்விழி ஒரு கையால் அதைத் தடுத்து, மறு கையால் ஏட்டையாவை ஒருக்களித்துப் புரட்டினாள். பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டாள். வாயில் தேங்கிய எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள்.

"மொதல்ல மூச்சு. மத்ததெல்லாம் அருவியில நிக்க மாதிரி லைன்ல நிக்கட்டும்."

"ஏட்டி, எங்கண்ணன் தொண்டை நனையாமப் போவணுமா?"

"இப்ப ஊத்துனா நுரையீரலுக்குள்ள போவும், ஆச்சி. பொறவு அனுப்பி வச்சது நீங்கன்னு ஆயிரும். பாலை எங்கிட்ட குடுங்க. அவிய எந்திச்சுக் குடிப்பாவ."

வார்டு முழுக்கக் கேட்டுவிட்டது. சொம்பை ஒரு தட்டால் மூடி மேசையில் வைத்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்று மகன் குற்றாலீஸ்வரன் போனில் பந்தலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். வேல்விழி திரும்பினாள். "கண்ணுதான் மூடியிருக்கு, அண்ணாச்சி. காது தொறந்து கெடக்கு." போன் சட்டைப்பைக்குள் போனது.

வீட்டிலும் அவர் ஏட்டையாதானாம். அப்படியே கூப்பிட்டாள், அசைவில்லை. நகத்தை அழுத்தினாள், ஒரு முனகல். கண்மணியில் டார்ச் அடித்தாள், சுருங்கியது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். சர்க்கரை மாத்திரை போட்டார், இட்லியைக் குளித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார், எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றார் என்று மகன் சொல்லி முடிப்பதற்குள் விரல் நுனியைக் குத்தியிருந்தாள். சர்க்கரை வெறும் முப்பத்தொன்று; நெஞ்சடைப்பு இல்லை, சர்க்கரை இறங்கிய மயக்கம். டாக்டர் ஓடி வந்து குளுக்கோஸ் ஏற்றச் சொன்னபோது நரம்பில் ஊசி தயாராக நின்றது.

மருந்து ஏறியது. வேல்விழி மறுபடி கூப்பிட்டாள். குரங்குகளின் கதி தெரியவில்லை. ஏட்டையா கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். பல்லில்லாத வாயால், ஸ்டேஷன் அதிரும் குரலில் கேட்டார்:

"பந்தலு யாருக்குலே?"

வார்டே சிரித்தது. குற்றாலீஸ்வரன் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். மூக்கம்மாள் அழுதுகொண்டே சொம்புக்குக் கை நீட்டினார். வேல்விழி இன்னமும் விடவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து, இரண்டு விரலைத் தொண்டை மேல் வைத்துக் காத்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை.

தட்டை எடுத்தாள். பாலில் இரண்டு கரண்டி சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுக் கலக்கினாள். சொம்பை மூக்கம்மாளின் கையில் கொடுத்து, அண்ணன் வாயைக் கண்ணால் காட்டினாள்.