பதினோரு மாதமும் இரண்டு நாளும்

வேனின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொரு பெண்ணின் தோளையும் ஒற்றை விரலால் தொட்டு உள்ளே அனுப்புகிறார் இளவரசி. கையில் தாள் இல்லை, பேனா இல்லை. பு.முட்லூர் நிறுத்தத்தில் ஏற வேண்டியவர்கள் ஒன்பது பேர். எட்டாவது தோளைத் தொட்டதுமே, "ஆசியாம்மாவுக்கு என்னா?" என்கிறார். வீட்டில் மருமகன் வந்திருக்கிறாராம் என்று உள்ளிருந்து பதில் வருகிறது.

"மருமவன் நேத்தே ஊருக்குப் போயிட்டாரு. கறி மிச்சம் இருக்குன்னு சொல்லு, நம்பறேன்."

வேன் சிரித்துக்கொண்டே புதுச்சத்திரம் நோக்கிக் கிளம்புகிறது.

சிதம்பரத்தில் வீடு, கடலூர் முதுநகரில் அலுவலகம், இரண்டுக்கும் நடுவே சாலையோரத்து ஊர்களில் அறுபத்திரண்டு ஆட்கள். சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலைக்குத் துப்புரவுக்கும் கேன்டீனுக்கும் ஆள் அனுப்புவது தொழில். பெயர்ப்பலகை 'மேன்பவர் சொல்யூஷன்ஸ்' என்கிறது. அவர் அதை உச்சரித்து நான் கேட்டதில்லை. "வேலைக்கு ஆளு, ஆளுக்கு வேலை. நடுவுல நானு," என்பார். ஆலைக்காரர்களுக்கு மேடம், வேனுக்கு அக்கா.

எழுதிவைப்பதில் அவருக்கு நம்பிக்கை குறைவு, தன் நினைவில் மிக அதிகம். யார் எப்போது சேர்ந்தார் என்று கேட்டால் தேதி வராது, வானிலை வரும். 'தானே' புயல் ஆலை வளாகத்தில் சாய்த்த மரங்களை அகற்றப் போனவர்கள் முதல் அணி. பெருவெள்ளத்துச் சேற்றை வாரியவர்கள் இரண்டாவது. பிறகு ஊரடங்கு, பிறகு 'ஃபெஞ்சல்' புயல். ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் இளவரசியின் வேனில் கூட்டம் கூடியிருக்கிறது. "கவர்மென்ட்டுக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் இருக்கு. எனக்கு வங்காள விரிகுடா இருக்கு."

இத்தனை நினைவாற்றல் உள்ளவரிடம் அதற்கு நேரெதிரான ஒரு வழக்கமும் உண்டு. பதினோரு மாதம் முடிந்தால் அணி அணியாக எல்லோருக்கும் 'பிரேக்'. இரண்டு நாள் அவர்கள் வேலையில் இல்லை. மூன்றாம் நாள் புதிதாகச் சேர்ந்தவர்கள். பணிக்காலம் தொடர்ச்சியாகிவிடக் கூடாது என்பது ஆலையின் விருப்பம். மற்ற கான்ட்ராக்டர்கள் ஆட்களை வீட்டில் இருக்கச் சொல்வார்கள். இவர் தன் செலவில் புளிசாதம் கட்டி, வேனிலேயே வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு என்று சுற்றிக் காட்டுவார். காகிதத்தில் வேலையிலிருந்து நீக்கியவர்களைக் கைப்பிடித்துக் கடலில் இறக்கி, "அலைக்கு முதுகக் காட்டாதீங்கடி," என்று கத்துகிற முதலாளி இவர். இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. "அது கம்பெனிக்கு பிரேக்கு. எங்களுக்கு டூரு."

சென்ற நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பி.எஃப். காகிதங்களைக் கவனித்துக்கொள்ளும் ரிஸ்வான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐம்பது பேருக்குக் கீழே என்றால் கான்ட்ராக்டர் உரிமமே தேவையில்லை என்றதும், "அப்ப பதிமூணு பேர தேவனாம்பட்டினம் பீச்சுல எறக்கி விட்டுட்டு வந்துடவா?" என்று கேட்டார் இளவரசி. அடுத்த செய்தியில்தான் கேலி நின்றது. இனி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். சேர்ந்த தேதியோடு.

"சேந்த தேதின்னா எந்தத் தேதி?"

"சேந்த தேதிதான்க்கா."

ஆலையின் மனிதவள அதிகாரி சித்தார்த்துக்கு இதில் குழப்பமே இல்லை. போனிலேயே முடித்துவிட்டார். "எல்லாருக்கும் இந்த வருஷ கான்ட்ராக்ட் தேதியே போட்டுடுங்க மேடம். பழைய தேதி போட்டா நாளைக்கு கிராஜுவிட்டி, அது இதுன்னு வரும். அப்பறம் உங்க கான்ட்ராக்ட் ரின்யூவல் கஷ்டம்."

"ஆவட்டும் சார். நான் பாத்துக்கறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடிதங்களை அச்சடித்து, தேதி இடத்தைக் காலியாக விட்டு மேசையில் அடுக்கினார் ரிஸ்வான். வரிசையில் முதலில் நின்றவர் மாலதி. முதல் அணிக்காரர், பதினான்கு வருடமாக ஆலையின் அமிலத் தொட்டிப் பக்கம் கூட்டிக் கழுவுகிறவர்.

"எனக்கு என்னா தேதிக்கா போடுவீங்க?"

"கம்பெனி சொன்ன தேதி."

"அப்ப நான் இந்த வருசந்தான் வந்தனா?"

"காயிதத்துலதாண்டி."

மாலதி வாதாடவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "சரிக்கா. புது ஆளு ஆறு மாசத்துக்கு தொட்டிப் பக்கமே போவக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. நாளையிலேந்து நான் கேன்டீன்ல தட்டு கழுவறேன்."

பின்னால் நின்ற ஆசியா உம்மாள் உடனே, "நானும் புதுசுதான். எனக்கும் தட்டு," என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. ரிஸ்வான் மட்டும் தாள்களை மும்முரமாகச் சரிசெய்தார்.

"ஒனக்கு வாயி ஜாஸ்தி ஆயிடுச்சு," என்றார் இளவரசி. ஆனால் சிரிக்கவில்லை. தொட்டிப் பக்கம் புது ஆளை விடாத விதி அவரே போட்டது. பதினான்கு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை என்பதுதான் அவர் வெளியில் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. போனை எடுத்தார்.

"சார், ஒரு சின்ன விசயம். நீங்க சொன்ன தேதி போட்டா எங்கிட்ட பழைய ஆளே கெடையாது. தொட்டிக்கு ஆறு மாசம் நீங்க ஆளு பாத்துக்கணும்."

மறுமுனையில் சித்தார்த் நெடுநேரம் பேசினார். கடைசியில் ரின்யூவல் என்ற சொல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"ரின்யூவல் ஜூன்ல சார். தொட்டி நாளைக்கு."

சித்தார்த் மறுபடி ஏதோ சொன்னார். "ஜூன்ல என்னை எடுக்காட்டி எடுக்காதீங்க. இந்த அறுவத்திரெண்டு பேரு இல்லாம எவன் வந்து அந்த எடத்தக் கூட்டறான்னு நானும் பாக்கறேன்," என்று பதவிசாகவே சொல்லி, இளவரசி போனை வைத்துவிட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு ரிஸ்வான் பக்கம் திரும்பினார்.

"'தானே' புயலு அடிச்சது வெள்ளிக்கெழமை. இவ வந்தது அடுத்த வெள்ளி. பாருப்பா."

ரிஸ்வான் போனில் காலண்டரைப் பின்னோக்கித் தள்ளினார். "ஆறு, ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு."

இளவரசி எழுத்துக்கூட்டுவதுபோல ஒவ்வொரு எண்ணாக எழுதினார். கீழே கையெழுத்திட்டார். மாலதி கை நீட்டினார், கடிதம் வரவில்லை. இளவரசி மேசை இழுப்பறையைத் துழாவி செல்லோடேப்பை எடுத்தார். விரற்கடை நீளத்துக்கு இழுத்துப் பல்லால் கடித்து, செக்கில் தொகையை யாரும் திருத்தாதபடி ஒட்டுவதுபோல, எழுதிய தேதியின் மேல் ஒட்டினார். பிறகு உள்ளே காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.