ஷ்யாம்சுந்தரின் பதினோரு சுற்று

"கண்ணைக் கட்டி எந்தக் கருவறை முன்னால விட்டாலும் நேரா வாசலுக்கு வந்துடுவேன். கோயில் கட்டடக்கலை நம்ம ரத்தத்துலயே இருக்கு சார்!"

இரும்புலியூர் ஷ்யாம்சுந்தர் இதை முழங்கியது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில். இருபத்திரண்டு பேர் சாட்சி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சூப்பரின்டெண்ட்; சாமிக்கு ஒரு கும்பிடு, தூணுக்கு அரை மணி நேரம் என்று ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்தவர். சங்கத்தின் கோயில் உலாத் தலைவர் பதவி அப்போது காலி. போட்டிக்கு நின்ற ஜெயவேலுவுக்குத் தூணைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த ஊரில் எந்த ஹோட்டலில் பொங்கல் நன்றாயிருக்கும் என்று தெரியும். ஆபத்தான எதிரி. ஞாயிற்றுக்கிழமை உலாவைச் சொதப்பாமல் நடத்தினால் பதவி ஷ்யாம்சுந்தருக்கு என்று தீர்மானமாயிற்று.

பழைய கோயில். நாலு பக்கமும் ஒரே மாதிரித் தூண்கள். தரிசனம் முடிந்ததும் அவர் விதானத்துத் தாமரையை அண்ணாந்து ரசித்தபடியே கம்பீரமாக நடந்தார். வாசல் வரவில்லை. தலைவராகப் போகிறவர் வழி கேட்கலாமா? மறுபடி சுற்றினார். கூட்டமும் சுற்றியது.

"ஏங்க, இந்த யாளியைத்தானே இப்பப் பார்த்தோம்?" என்றார் மனைவி சுந்தரவல்லி.

"அது அண்ணன். இது தம்பி. மூக்கைப் பாரு."

நாலாவது சுற்றில் யாரோ ஒரு வெளியூர்க்காரர் சேர்ந்துகொண்டார். "என்ன பிரார்த்தனை சார்? எத்தனை சுத்து?"

"பதினொண்ணு," என்றார் ஷ்யாம்சுந்தர், வேறு வழியில்லாமல்.

ஏழாவது சுற்றில் நாற்பது பேர். பதினோரு சுற்று சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கிடைக்கும் என்று பின்வரிசையில் பேச்சு. பதினொன்று முடிந்தபோது ஜெயவேலு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பதவி உங்களுக்கே சார். ஆளை விடுங்க, பசிக்குது."

கைதட்டல். எல்லோரும் வேனுக்குக் கிளம்பினார்கள்.

"போய்க்கிட்டே இருங்க, ஒரே ஒரு தூண் பாக்கி," என்ற புதிய தலைவர், வெற்றிப் பூரிப்பில் மறுபடி அண்ணாந்தார். தலையைத் தாழ்த்தியபோது ஒருவரும் இல்லை.

பிராகாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சம்மாளிடம் மெல்ல நெருங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா... வெளியே போற வழி எது?"

"இன்னா சார், காலைலேர்ந்து வாசலைத் தாண்டித் தாண்டித்தானே போய்கினு இருந்தே? தோ கீது பாரு, உன் முதுகாண்ட!"