இளகாத கண்ணாடி

பெரிய வியாழன் பூசையில், மணிக்குப் பதிலாக மரக்கட்டை டக்கென்று ஒலித்ததும் டானியலா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடி தெறிக்கும்போதும் இப்படித்தானே சத்தம் வரும்!

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் பாஸ்பேட் கண்ணாடி வார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பாதி ஆயுள் ஓடிவிட்டது. வார்த்த கண்ணாடி ஆறும்போது உள்ளுக்குள் முறுக்கேறும்; அப்படியே வெட்டினால் வெடித்துத் தெறிக்கும். அதைச் சூளையில் வைத்து, மிதமான சூட்டில் இளகவிட்டு, மெல்ல ஆறவைப்பாள். சோடியம் சேர்ந்தது சீக்கிரம் இளகும். அதன் பாஸ்பேட் சங்கிலிகள் எளிதாக வழுக்கி நகரும். கால்சியம் அப்படியல்ல. இரண்டு கையாலும் பக்கத்துச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு விடாது. அதற்குச் சூடு கூடுதலாக வேண்டும். இரண்டையும் ஒரே சூளையில் அவள் வைப்பதே இல்லை.

இன்று வைத்துவிட்டாள். பாதம் கழுவும் சடங்குக்குத் தேர்ந்தெடுத்தவர்களில் கணவர் பெர்னார்டும் ஒருவர். அதைப் பார்க்கும் ஆசையில், சோடியத்தின் சூட்டிலேயே இரண்டையும் முடித்து, வெட்டும் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்திருந்தாள். மாலையில் கண்ணாடி வெட்ட வரும் கிளாரன்ஸுக்கு என்ன தெரியும்? பாவி, முறுக்கு இறங்காத கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு வந்திருக்கிறாளே! போன மாதம்தான் அவனுக்குப் பெண்குழந்தை பிறந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கோவிலுக்கு வெளியே ஆஃபிர் சாலைக்கு ஓடினாள். கிளாரன்ஸை அழைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாதாவே, அவனை எடுக்கச் சொல்லு!

"என்னக்கா, பூசை முடிஞ்சிருச்சா?"

"கிளாரன்ஸ், அந்த கால்சியம் பீஸைத் தொடாத!"

"கேக்கல லா, உள்ள லைன் சரியில்ல. இப்பதான் கிளாம்ப்ல இறுக்கினேன்."

"விட்டுட்டு வெளிய வா! ஓடி வா!"

"என்ன? இருங்க, வெளிய போய்ப் பேசுறேன்."

காலடிச் சத்தம். கதவு கிறீச்சிட்டது. பிறகு, படார்!

"தம்பி! கிளாரன்ஸ்! ஐயோ, பேசுடா!"

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா..." குரல் உலர்ந்திருந்தது. "நான் நின்ன இடம் பூரா கண்ணாடித் துண்டு."

"உனக்கு?"

"கதவுக்கு வெளிய இருக்கேன். மேசைல வச்ச என் தே ஓ டீ கப்புதான் போச்சு."

டானியலா நடைபாதையிலேயே சரிந்து உட்கார்ந்தாள். "என் தப்புதான் தம்பி. ரெண்டையும் ஒரே சூளைல வச்சிட்டேன்."

"அப்புறமா நல்லாத் திட்டறேன். இப்ப நீங்க அழாதீங்க லா, நானும் அழுதிருவேன்."

பெர்னார்ட் தேடிக்கொண்டு வந்தார். "பாதி பூசையில எங்க போயிட்ட? வீட்டுக்குப் போலாமா?"

அவள் அவருடைய கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "வீடு வேணாங்க. லேபுக்கு டாக்ஸி புடிங்க. கிளாரன்ஸ என் கண்ணால பாக்கணும்."