கிளியூர்ப் பலா மரத்து எறும்பு

இந்தக் குறிப்பில் வருபவை:
1. செய்தி வந்த விதம்.
2. குழந்தைவேலு எறும்பு சேகரித்த முறை.
3. கிளியூர் எறும்பு கிளியூரில் பிடித்ததல்ல என்பதற்கான காரணங்கள்.
4. அவருடையது என்று என்னிடம் இருப்பது.

ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றபோது, பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார்: "நம்ம ரைட்டர் போயிட்டாருங்க சார். தூக்கத்துலயே." நான் நம்பவில்லை. ஆளை மாற்றிச் சொல்கிறாரோ என்று குழந்தைவேலுவின் வீட்டுக்குப் போன் செய்தேன். அழுகை கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

காப்பி எஸ்டேட்டில் ஆள் வருகை எழுதும் ரைட்டர் அவர். நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன். சேர்வராயன் மலையின் மர எறும்புகளைப் பட்டியலிடுகிறேன். மரமேற எனக்குப் பயம். அவர்தான் எறும்புகளை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, இடமும் மரமும் எழுதிய சீட்டோடு கொண்டுவருவார்.

ஒருநாள் ஒரு குப்பியை நீட்டினார். "ஏனுங்க சார், இது உங்க லிஸ்ட்டுல இருக்குதுங்களா?"

லென்ஸில் பார்த்தேன். ஒல்லியான நீண்ட உடல், பெரிய கண்கள். தலையும் வயிறும் கறுப்பு, நடுப்பகுதி சிவப்பு. மரத்தில் பட்டுப்போன கிளைகளின் பொந்தில் வாழும், கொடுக்கால் கொட்டும். அடிவாரத்துக் குப்பனூரில் பார்த்திருக்கிறேன். சீட்டிலோ 'கிளியூர், பலா' என்றிருந்தது. மலைமேல் கிளியூரின் குளிருக்கு இது ஏறாது என்பது என் எண்ணம். அவருடைய சீட்டுகளும் எனக்கு உறுத்தின. மழையில் மரத்தடியில் நின்று எழுதியவை இத்தனை சுத்தமாக இருக்குமா?

"குப்பனூர்ல பிடிச்சதா இருக்குமோ?" என்றேன்.

"ஆமாங்க, பஸ்ஸுல கிளியூருக்கு டிக்கெட் எடுத்து நாந்தான் கூட்டியாந்தேன்!" என்று சிரித்தார். பிறகு, "எறும்புக்காகப் பொய் சொல்லி எனக்கென்னங்க ஆகப்போவுது?" என்றார்.

நான் குப்பியைச் சந்தேகப் பெட்டியில் வைத்தேன். அதன்பின் வரும்போதெல்லாம், "என்ர எறும்பு லிஸ்ட்டுல ஏறிடுச்சுங்களா?" என்று கேட்பார். நான் பேச்சை மாற்றுவேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பட்டியல் அச்சுக்குப் போகும் வாரம் அது. அவர் மனைவி சரசு ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே கசங்கி, மழையில் ஊறிக் காய்ந்த துண்டுச் சீட்டுகள்.

"மரத்தடியில இதுலதான் கிறுக்குவாரு. ஊட்டுக்கு வந்து குளிச்சிட்டு நல்ல சீட்டுல எழுதுவாரு. அடிச்சுத் திருத்துன காயிதத்த ஆபீசுக்குக் குடுக்கக் கூடாதும்பாரு."

ஒரு துண்டில் இருந்தது: 'கிளியூர். பலா. கொட்டிருச்சு. நொம்ப எரிச்சல்.'

"அன்னைக்குக் கை வீங்கி, சோத்த நாந்தான் ஊட்டுனேன்" என்றார்.

மனைவி கணவனுக்காகத்தானே பேசுவார் என்று அப்போதும் நினைத்தேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னுமா நம்பலீங்க? மரம் அங்கயேதான் நிக்குது. போயி கைய வெச்சுப் பாருங்க."

மறுநாள் காலை கிளியூர் போனேன். பலாவின் பட்ட கிளையைக் குடைநுனியால் தட்டினேன். எதுவும் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. பிறகு பொந்திலிருந்து ஒரு கறுப்புத் தலை வந்தது, பின்னால் சிவப்பு. அடுத்தடுத்து வந்தவற்றை எண்ணிக்கொண்டிருக்கையில் ஒன்று மணிக்கட்டில் கொட்டியது.

அவருடைய அந்தத் துண்டுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. எறும்பை அவர் பெயரோடு பட்டியலில் சேர்த்துவிட்டேன். என் வீட்டிலிருந்து அந்த மரம் அரை மணி நடை. அவர் இருந்தவரை ஒருமுறைகூட நான் போகவில்லை. இந்தக் குறிப்பின் தொடக்கத்தில் உள்ள வரிசையைச் செய்தி வந்த அன்றே எழுதினேன், திருத்தாமல் விட்டிருக்கிறேன். அதில் மூன்றாவது தவறு.